குடல்வால் ஆப்பரேஷன் ஒன்றுதான்

ஹாம்பர்க்
5 அக்டோபர் 1998

அன்பு மொனீர் அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை போனில் அம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். வேலை போய்விட்டது. "ஆபீஸ் எப்படி இருக்கு?" என்று அம்மா கேட்டாள். "நல்லா இருக்கும்மா" என்றேன். அதே நேரத்தில் முதலாளி ஹாஜியும் அவர் மகனும் கிடங்கில் மிஞ்சிய கம்பளங்களைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இனி யாரும் கையால் நெய்த கம்பளம் வாங்குவதில்லையாம். பாரசீகத்திலும் ஜெர்மனிலும் அவருக்குக் கடிதம் எழுத ஆள் தேவையில்லை.

நீ நலமா? யதொல்லா அத்தான் நலமா? அவருடைய மினிபஸ் காலையில் ஸ்டார்ட் ஆகிறதா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலை போனதைவிடப் பெரிய தொல்லை ஒன்று வந்திருக்கிறது. இங்கே வேலை பார்க்கும்வரை அரசு மருத்துவக் காப்பீட்டில் நாமும் ஒருவர். வேலை போன பிறகும் அதில் தொடர வேண்டுமானால் ஒரு வருடமாவது அதில் இருந்திருக்க வேண்டும். நான் ஏழு மாதம்தான் இருந்தேன். வந்த புதிதில் எடுத்த விருந்தினர் காப்பீடு கணக்கில் வராது. அதை நீட்டிக்கவும் முடியாது. ஆகவே தனியார் கம்பெனி யாராவது என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் தங்கும் அனுமதி பிப்ரவரி கடைசியில் முடிகிறது. சேமிப்பு கொஞ்சம் இருப்பதால் வேலை தேட அவகாசம் தருவார்கள். காப்பீட்டுக் கடிதம் இல்லாவிட்டால் தரமாட்டார்கள்.

அறைத்தோழி ஸோஹ்ரேயை உனக்குத் தெரியுமே, முடிதிருத்தும் கடையில் வேலை செய்கிறவள். அவள் சொல்கிறாள்: "இந்த ஊர்ல வேலை இல்லாம இருக்கலாம், புருஷன் இல்லாம இருக்கலாம். இன்ஷூரன்ஸ் இல்லாம மட்டும் இருக்கக் கூடாதுடி."

அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். போன் என்றால் அம்மா ரிசீவரை யாரிடமும் தருவதில்லை. அதனால்தான் கடிதம். நீ மஷ்ஹத் யாத்திரையிலிருந்து கொண்டுவந்து அனுப்பிய குங்குமப்பூ இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மனசு சரியில்லாத நாளில் டீயில் ஒரு இழை போடுகிறேன்.

முத்தங்களுடன்,
தரானே


அன்ஸலி
24 அக்டோபர்

என் கண்ணே தரானே,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை. எங்களைப் பற்றிக் கேட்டால், கடவுள் புண்ணியத்தில், நீ தூரத்தில் இருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு துக்கம் இல்லை.

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். அழாதே. இந்த ஹாஜி இல்லாவிட்டால் இன்னொரு ஹாஜி. வெள்ளை மீன் வரத் தொடங்கிவிட்டது; விலையைக் கேட்டால் மீனே வெட்கப்படும். அத்தானின் பஸ் ஸ்டார்ட் ஆகிறது, இறக்கத்தில் நிறுத்தினால்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அப்பா போன வாரம் ஓய்வூதிய ஆபீஸுக்குப் போய், டாக்டரிடம் நீட்டுகிற உன் காப்பீட்டுப் புத்தகத்தை இந்த வருடத்துக்கும் புதுப்பித்துக்கொண்டு வந்தார். "அவதான் ஊர்ல இல்லையே, எதுக்கு?" என்று கேட்டால், "கல்யாணம் ஆகாத பொண்ணு. என் பேர்ல இருக்கிறவ. நான் ஏன் வெட்டணும்?" என்கிறார். எனக்குக் கல்யாணம் ஆனதும் பெயரை வெட்டிவிட்டார்கள். உன் அத்தானின் மினிபஸ்ஸுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, அத்தானுக்குக் கிடையாது, எனக்கும் கிடையாது. பஸ்ஸாகப் பிறந்திருக்கலாம். நீ அங்கே தேடி அலைகிறது இங்கே மேசை டிராயரில் சும்மா கிடக்கிறது, பார்.

நான் கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்கிறார்கள். நல்லதுதானே, எத்தனை வருடம் ஆசைப்பட்டேன்.

உன்னுடைய,
மொனீர்


ஹாம்பர்க்
8 நவம்பர்

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இளைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நான் ஏறி இறங்காத ஏஜென்ட் இல்லை. "வேலை?" என்பது முதல் கேள்வி. இல்லை என்றதும் பேனாவை மூடுகிறார்கள். ஒரு பெண், வெகு பணிவாக, "உங்க வயசுல பெண்களுக்குக் கட்டணம் ரெண்டு மடங்கு. பிள்ளை பெறுவீங்கள்ல?" என்றாள். யாருக்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

கடைசியில் அல்டோனா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கிழவர் கிடைத்தார். க்ரோன் என்று பெயர். ஜன்னல் முழுக்கக் கள்ளிச் செடி வைத்திருக்கிறார். என் சேமிப்பைப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷத்துக்குப் போதும். சேத்துக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு உடம்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். நம் ஊரில் யாராவது உடம்பு எப்படி என்று கேட்டால் "உங்க நிழல்ல நல்லா இருக்கேன்" என்போம். சாகக் கிடக்கிறவரும் அதைத்தான் சொல்வார். இவரிடம் அது செல்லாது என்று தெரிந்தது.

"ஆஸ்பத்திரியில எப்பவாவது படுத்திருக்கீங்களா?"

"குடல்வால் ஆப்பரேஷன் ஒண்ணுதான். பத்தொன்பது வயசுல."

"அவ்வளவுதானே. அந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்க. கம்பெனிக்கு அது போதும்."

ரஷ்த் ஆஸ்பத்திரிதான் அக்கா. நீ அத்தானுடன் பஸ்ஸில் போனால் ஒரு காலைப்பொழுது போதும். பதிவேட்டு அறையில் என் பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். சீக்கிரம் அனுப்பு. என் பாக்கி வாழ்க்கை உன் கையில் என்று நாடகத்தில் வருவதுபோல் எழுதத் தோன்றுகிறது, ஆனால் உண்மையும் அதுதான்.

உன்,
தரானே


அன்ஸலி
2 டிசம்பர்

கண்ணே தரானே,

நலமா? இங்கே எல்லாரும் நலம். நீ இல்லாததைத் தவிர வேறு துக்கம் இல்லை.

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வீட்டில் வேலை. குடல்வாலெல்லாம் ஒரு வியாதியா? அதைப் போய் அந்த மனிதரிடம் யார் சொல்லச் சொன்னது? வயிற்றைத் திறந்தா பார்க்கப் போகிறார்? ரஷ்த் ஆஸ்பத்திரியில் மழைத் தண்ணீர் புகுந்து பழைய காகிதமெல்லாம் போய்விட்டது என்று அத்தான் கேள்விப்பட்டாராம். நீ வேறு கம்பெனிக்குப் போ. எனக்கு ஆஸ்பத்திரியில் ஒன்றுமே ஆனதில்லை என்று சொல். ஒரு சின்னப் பொய்தானே.

அம்மா உனக்கு ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

மொனீர்


ஹாம்பர்க்
14 டிசம்பர்

அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று தடவை போன் செய்தேன். "மொனீர் இப்பதான் வெளியில போனா" என்று அம்மா மூன்று தடவையும் சொன்னாள். இந்தக் குளிரில் எங்கே போகிறாய்?

கடைசித் தடவை ஆஃபாக் சித்தி அங்கே இருந்தாள்; அம்மாவிடமிருந்து ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். அவளிடம் கேட்டுவிட்டேன். வேலை போனதைச் சொல்லவில்லை, ஆபீஸுக்குச் சான்று வேண்டும் என்றேன். "இதுக்கா இவ்வளவு தயங்கினே? ஆஸ்பத்திரி கணக்கர் உன் சித்தப்பா கூடப் படிச்சவரு" என்றாள். தண்ணீர் புகுந்த கதை அவளுக்குத் தெரியவில்லை.

உனக்குச் சிரமம் கொடுக்காமல் முடிந்துவிடும். என்மேல் உனக்கு ஏதாவது வருத்தமா?

தரானே


ரஷ்த்
27 டிசம்பர்

என் உசுரே தரானே,

நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுதறா, தப்பிருந்தா அவளைத் திட்டு. நல்லா இருக்கியா? சாப்பிடறியா? அங்க அரிசி கிடைக்குதா? எனக்கு முட்டிவலி, சித்தப்பாவுக்குச் சர்க்கரை, மத்தபடி கடவுள் கொடுத்தது எல்லாம் நல்லா இருக்கு.

உன் வேலையை முடிச்சுட்டேன். கணக்கர் "ஒரு சான்று போதுமாம்மா?"ன்னாரு. "என் அக்கா பொண்ணு ஜெர்மனில பெரிய ஆபீஸ்ல இருக்கா, ஒத்தைக் காகிதம் அனுப்பி நம்ம மானத்தை வாங்கவா? இருக்கிற ஃபைல் மொத்தத்தையும் பிரதி எடுங்க"ன்னேன். எவ்வளவு தடிமன்னு நினைக்கிறே! குடல்வாலுக்கு இவ்வளவு எழுதுவாங்களான்னு எனக்கே ஆச்சரியம். எல்லாம் டாக்டர் கிறுக்கல், ஒரு எழுத்து புரியலை. சித்தப்பா அதை டெஹ்ரானுக்கு அனுப்பி, கோர்ட்டு முத்திரை போடுற ஆளைவச்சு ஜெர்மன்ல மாத்தி, அரக்கு வச்சு, நீ சொன்ன அந்த க்ரோன் ஐயாவுக்கே நேரா தபால்ல போடச் சொல்லிட்டாரு. நீ ஒரு மார்க்கு பணமும் தர வேண்டாம். தந்தேன்னா அந்தப் பணத்தைக் கடல்ல போடுவேன்.

மொனீர்கிட்டச் சொன்னப்ப அவ மூஞ்சி ஏன் அப்படிப் போச்சுன்னு தெரியலை. அவளை விட்டுட்டு நான் செஞ்சுட்டேன்னு இருக்கும். நீ ஒரு வார்த்தை எழுதிச் சமாதானம் பண்ணிடு.

உன் சித்தி
ஆஃபாக்


ஹாம்பர்க்
21 ஜனவரி 1999

மொனீர் அக்கா,

நலமா என்று கேட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

இன்று க்ரோன் கூப்பிட்டிருந்தார். போகிற வழியில் அவருக்கென்று ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது, கையெழுத்துப் போட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் எழுந்து கைகொடுக்கவில்லை. ஃபைலைத் திறந்து வைத்திருந்தார்.

"குடல்வால்னு சொன்னீங்க" என்றார்.

"ஆமாம்."

"இதை ஏன் சொல்லல?"

என் பக்கம் திருப்பினார். நோயாளி தரானே, இன்னாரின் மகள், திருமணமாகாதவர். இடது மார்பு முழுவதும் நீக்கப்பட்டது, அக்டோபர் 1997. அதன் கீழே, எத்தனை முறை மருந்து ஏற்றினார்கள், எப்போது வாந்தி, எப்போது முடி கொட்டியது என்று பக்கம் பக்கமாக. அப்பாவின் பெயர், என் பிறந்த தேதி, என் புத்தகத்தின் எண், எல்லாமே சரி. என் கை தானாக இடது பக்கம் போயிற்று. இருந்தது. க்ரோன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகம் சிவந்து கள்ளிச் செடிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கிழவரும் நானும் என் மார்பைப் பற்றிப் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் அதைக் குடித்தேனா என்று நினைவில்லை.

முதலில், வேறு யாருடைய காகிதமோ கலந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். படிக்கட்டில் இறங்கும்போது அக்டோபர் என்ற வார்த்தை திரும்ப வந்தது. அந்த அக்டோபரில் நீ மஷ்ஹத்தில் இருந்தாய். மூன்று வாரம். இமாமின் சன்னிதியில் எனக்காக வேண்டிக்கொண்டேன் என்று எழுதினாய். அங்கேயே ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு அம்மாள் குனிந்து, "உடம்பு சரியில்லையா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கேட்டாள். எனக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்றேன். அவள் பயந்து போய்விட்டாள்.

வேறு துக்கம் இல்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாய் அக்கா.

க்ரோனிடம் எதுவும் சொல்லவில்லை. அவகாசம் கேட்டு வந்திருக்கிறேன். நான் நினைப்பது தவறு என்று எழுது. என்னைத் திட்டி எழுது. உடனே எழுது.

தரானே


அன்ஸலி
4 பிப்ரவரி

தரானே,

நீ நினைப்பது சரிதான்.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, அந்த அக்டோபருக்கு முந்தின கோடையில். டாக்டர் சொன்ன செலவுக்குப் பஸ்ஸை விற்க வேண்டும். விற்றுவிடுகிறேன் என்றுதான் அத்தான் சொன்னார். விற்றால் மருந்து வாங்கலாம், சோறு வாங்க முடியாது. அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வீட்டு டிராயரில் உன் புத்தகத்தைப் பார்த்தேன். போட்டோவில் முக்காடும் இரண்டு கண்ணும்தான் இருக்கிறது. அந்த போட்டோவில் நாட்டிலுள்ள எல்லாப் பெண்களும் ஒரே ஆள்தான். நம் தெருவில் யார்தான் இன்னொருவர் புத்தகத்தில் மருந்து வாங்கவில்லை? இருமல் மருந்துக்கு வாங்குகிறார்கள். நான் இதற்கு வாங்கினேன்.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் போய்விட்டோம். உனக்குக் கல்யாணம் ஆகவில்லை. முதல் நாளே டாக்டர் அத்தானைப் பார்த்து, "இவர் யாரு?" என்றார். நான் சட்டென்று "அண்ணன்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே அவர் அண்ணன்தான். இரவில் கூட இருக்க விடவில்லை, பெண்கள் வார்டு, அண்ணனுக்கு அனுமதி இல்லை. ஆப்பரேஷன் முடிந்ததும் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "கல்யாணம் ஆகாத பொண்ணு. இனிமே யாரும் கேட்டு வரமாட்டாங்க. கடைசி வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்" என்றாராம். அவர் பஸ்ஸில் போய் உட்கார்ந்து அழுதாராம். பயணிகள் எல்லாம் இறங்கி வேறு பஸ்ஸில் போனார்களாம். இதை அவர் சொல்லும்போது நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், நம்பமாட்டாய்.

குங்குமப்பூ ரஷ்த் கடைத்தெருவில் வாங்கியது.

இப்போது மாத்திரைதான், அதுவும் உன் புத்தகத்தில். இன்னும் சில வருடம் சாப்பிட வேண்டுமாம். அப்பா அம்மாவுக்குத் தெரியாது. நீ அந்த க்ரோனிடம் உண்மையைச் சொல். ஃபைல் உன் அக்காவுடையது என்று சொல். இங்கே விசாரித்து வந்தால் வரட்டும். புத்தகத்தைப் பிடுங்குவார்கள், அவ்வளவுதான். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நானே மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். என்னால் நீ அந்த ஊரை விட்டு வரக் கூடாது. வந்தால் உன்னோடு பேசமாட்டேன்.

மொனீர்


ஹாம்பர்க்
16 பிப்ரவரி

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். போகாதே என்று மட்டும்தான் அதில் எழுத முடிந்தது. நீ போகவில்லை என்று அத்தான் வெளியிலிருந்து போன் செய்து சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனியும் போகாதே.

நேற்று க்ரோனிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். "எதிர்த் தெருவுல ஒரு பெண் டாக்டர் இருக்காங்க. அஞ்சு நிமிஷம் பாத்துட்டு ஒரு வரி எழுதினா போதும். இந்த ஃபைல் உங்களோடதில்லைன்னு ஆயிடும்" என்றார்.

"அதுக்கப்புறம்?"

"கம்பெனி ரஷ்த்துக்கு எழுதும். உங்க பேர்ல யாருக்கு வைத்தியம் நடந்ததுன்னு கேக்கும். அது என் கையில இல்லை."

ஸோஹ்ரே வேறு கம்பெனிக்குப் போகச் சொல்கிறாள். எல்லா விண்ணப்பத்திலும், இதற்கு முன் யாராவது மறுத்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் ரஷ்த்துக்குத்தான் போவார்கள். உன் கடிதம் வந்ததிலிருந்து இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். எந்த வழியில் போனாலும் கடைசியில் உன் மாத்திரையில்தான் வந்து நிற்கிறது.

க்ரோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒரே ஒரு தடவைதான் கேப்பேன். இந்தக் காகிதத்துல இருக்கிறது நீங்கதானா?"

"ஆமாம், நான்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். வாசல் வரை வந்து கோட்டைப் பிடித்துக்கொண்டார். "உடம்பைப் பாத்துக்குங்க" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. சரி என்றேன்.

நீ என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தாதே.

தரானே


அன்ஸலி
30 மே 1999

அன்பு ஸோஹ்ரேவுக்கு,

நலமா? கடையில் கூட்டம் எப்படி? அந்தப் பச்சை முடிக்காரி இன்னும் வருகிறாளா? என் கம்பளிக் கோட்டை நீயே வைத்துக்கொள். இங்கே அது கனம்.

எங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிப்ரவரி கடைசியில் என் அனுமதி முடிந்தது, மார்ச் முதல் வாரத்தில் வந்துவிட்டேன். ஜெர்மனி ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா அம்மா நம்புகிறார்கள். ஆஃபாக் சித்தி அவ்வளவு தடிமனான ஃபைல் அனுப்பியும் வேலையில் வைத்துக்கொள்ளவில்லையா என்று ஜெர்மானியர்கள்மேல் கோபமாக இருக்கிறாள். மொனீர் நான் வந்த பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், தலை வாரிவிடச் சொன்னாள். முடி வளர்ந்திருக்கிறது, முன்பைவிடச் சுருட்டையாக.

ஒரு பள்ளியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். தற்காலிக வேலை, காப்பீடு இல்லை. போன வாரம் எனக்குக் காய்ச்சல், நல்ல இருமல். அப்பாவின் பெயரில் உள்ள அந்தக் காப்பீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனால் டாக்டர் முந்தைய பக்கங்களைப் புரட்டிவிட்டு நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார். அதனால் போகவில்லை. கடையில் காசு கொடுத்து மருந்து வாங்கினேன்.

நேற்று மொனீருக்கு ரஷ்த்தில் பரிசோதனை. யதொல்லா அத்தான் எங்களை இறக்கிவிட்டுவிட்டு வெளியே பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பெண்கள் பகுதியில் பெஞ்சில் காத்திருந்தோம். நர்ஸ் கதவைத் திறந்து "தரானே!" என்று கூப்பிட்டாள். மொனீர் எழுந்து உள்ளே போனாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

தரானே